ரிஜிஸ்டர் பண்ணிட்டா கல்யாணம் செல்லுமா? பிரிஞ்சா குழந்தைக்கு யார் பணம் தரணும்? குடும்பச் சட்டம்: எளிய விளக்கம்

கையில் திருமணப் பதிவுச் சான்றிதழ் இருக்கிறது. அதில் அரசு முத்திரையும் இருக்கிறது. அதற்குப் பிறகும் உங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று நீதிமன்றம் சொல்ல முடியுமா?

முடியும். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. விமானி பயிற்சி முடித்த இருவர், 2021இல் ஓர் அமைப்பிடம் திருமணச் சான்று வாங்கி, அதை வைத்து உத்தரப் பிரதேசத்தில் பதிவும் செய்துகொண்டார்கள். சடங்கோடு கல்யாணத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். அதற்குள் உறவு முறிந்து விவாகரத்து வழக்கு வரை போனது. சடங்கு எதுவும் நடக்கவில்லை என்று கடைசியில் இருவருமே ஒப்புக்கொண்டார்கள். நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, அகஸ்டின் ஜார்ஜ் மசி அமர்வு, இந்து திருமணச் சட்டப்படி அது திருமணமே இல்லை, சான்றிதழும் செல்லாது என்று அறிவித்தது.

அந்த ஜோடிக்குக் குழந்தை இல்லை. இருந்திருந்தால்? திருமணமே இல்லை என்றான பிறகு அந்தக் குழந்தைக்குப் பணம் கேட்க முடியுமா? அது யாரிடம் வளரும்?

நம் வீடுகளில் இந்தக் கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டுவிடுவார்கள். "கல்யாணமே செல்லாது, அப்புறம் என்ன ஜீவனாம்சம்?" என்பார் ஒருவர். "பணம் தரலையா, குழந்தையைக் காட்ட மாட்டேன்" என்பார் இன்னொருவர். சட்டம் இப்படிப் பார்ப்பதில்லை. திருமணம் செல்லுமா, செலவை யார் ஏற்பது, குழந்தை யாரோடு இருப்பது என்ற மூன்றும் தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும், குழந்தையின் உரிமை அப்படியேதான் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

உங்களுக்கு எந்தச் சட்டம்?

இந்தியாவில் எல்லோருக்கும் பொதுவான ஒரே திருமணச் சட்டம் இல்லை.

- இருவரும் இந்து, பௌத்தம், சமணம், சீக்கியம் இவற்றில் எதையாவது சேர்ந்தவர்கள் என்றால்: இந்து திருமணச் சட்டம், 1955.
- கிறிஸ்தவ முறைத் திருமணத்துக்கு: இந்திய கிறிஸ்தவத் திருமணச் சட்டம், 1872.
- இஸ்லாமியர்களுக்கு: தனிநபர் சட்டப்படி நிக்காஹ்.
- மதம் எதுவானாலும், கலப்பு மணம் என்றாலும்: சிறப்புத் திருமணச் சட்டம், 1954. 'ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்' என்று நாம் சொல்வது இதைத்தான்.

கோவாவுக்குத் தனி சிவில் சட்டம் உண்டு. உத்தராகண்டில் 2025 ஜனவரி 27 முதல் பொது சிவில் சட்டம் அமலில் இருக்கிறது. அங்கே திருமணத்தை மட்டுமல்ல, சேர்ந்து வாழும் உறவையும் பதிவு செய்ய வேண்டும்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் *இருவருமே* இந்துவாக இருக்க வேண்டும். ஓர் இந்துவும் ஒரு கிறிஸ்தவரும் கோயிலில் தாலி கட்டி, அதே சட்டத்தின் கீழ் பதிவும் செய்த வழக்கில், அந்தத் திருமணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. மதம் மாறாமல் கலப்பு மணம் செய்பவர்களுக்குப் பாதுகாப்பான வழி ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்தான்.

சடங்கு முக்கியமா, பதிவு முக்கியமா?

இந்து திருமணச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, மணமகன் அல்லது மணமகள் வீட்டு வழக்கப்படியான சடங்குகளோடு திருமணம் நடக்க வேண்டும் என்கிறது. அந்த வழக்கத்தில் ஏழடி நடப்பது உண்டு என்றால், ஏழாவது அடியில்தான் திருமணம் நிறைவடைகிறது. பதிவைப் பற்றிப் பேசுவது 8ஆவது பிரிவு. பதிவு செய்யாததால் மட்டும் திருமணம் செல்லாமல் போகாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

அதாவது, பதிவு என்பது நடந்த திருமணத்துக்கான சாட்சி. நடக்காத திருமணத்தை அது உண்டாக்காது. விமானிகள் வழக்கின் சாரம் இதுதான். விசாவுக்காகவோ, கம்பெனி இன்சூரன்ஸில் பெயர் சேர்ப்பதற்காகவோ "முதல்ல ரிஜிஸ்டர் பண்ணிடலாம், கல்யாணத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியதும் இதுதான்.

தமிழ்நாட்டில் இன்னொரு வழி இருக்கிறது. அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. இதன்படி புரோகிதர் வேண்டாம், அக்னி வேண்டாம். உறவினர், நண்பர் அல்லது வேறு சிலர் முன்னிலையில், புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். சுயமரியாதைத் திருமணம், சீர்திருத்தத் திருமணம் எல்லாவற்றுக்கும் இதுவே சட்ட அடிப்படை.

வக்கீல் அலுவலகத்தில் நான்கு பேர் முன்னால் மாலை மாற்றினால் செல்லுமா என்ற சந்தேகம் பல ஆண்டுகள் இருந்தது. செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த நிலைப்பாடு சரியல்ல என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியது. வீட்டின் எதிர்ப்பை மீறிக் கல்யாணம் செய்பவர்களிடம் ஊரைக் கூட்டி அறிவிக்கச் சொல்வது அவர்களின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

ஆனால் 7-ஏ தமிழ்நாட்டுத் திருத்தம். பெங்களூரு ஃப்ளாட்டில் மோதிரம் மாற்றிக்கொண்டு அதே பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் பதிவு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009இன்படி எந்த மதத் திருமணமானாலும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் அவகாசம் உண்டு. நாளை ஒருவர் "இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது" என்று சொன்னால், உங்கள் பக்கம் பேசப்போவது அந்தக் காகிதம்தான்.

ஸ்பெஷல் மேரேஜ் ஆக்டில் எப்படி?

இதில் சடங்கே தேவையில்லை. இருவரில் ஒருவராவது குறைந்தது 30 நாட்கள் வசித்த மாவட்டத்தின் திருமணப் பதிவாளரிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது அலுவலகத்தில் ஒட்டப்படும். ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் அவகாசம். பிறகு, நோட்டீஸ் கொடுத்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள், மூன்று சாட்சிகள் முன்னிலையில் உறுதிமொழி சொல்லித் திருமணம். இங்கே சான்றிதழே திருமணத்துக்கு முழு ஆதாரம்.

நோட்டீஸ் ஒட்டுவது அந்தரங்கத்தைப் பறிக்கிறது, வீட்டுக்குத் தெரிந்து ஆபத்தாகிறது என்ற விமர்சனம் நெடுநாளாக இருக்கிறது. ஆனாலும் சட்டத்தில் அந்த விதி அப்படியே இருக்கிறது.

எந்தத் திருமணம் செல்லாது?

இந்து திருமணச் சட்டப்படி முதல் நாளிலிருந்தே செல்லாதவை மூன்று: கணவனோ மனைவியோ உயிரோடு இருக்கும்போது, விவாகரத்து வாங்காமல் செய்யும் இரண்டாவது திருமணம், தடை செய்யப்பட்ட உறவுக்குள் நடக்கும் திருமணம், சபிண்ட உறவு எனப்படும் நெருங்கிய ரத்த உறவுக்குள் நடக்கும் திருமணம். கடைசி இரண்டுக்கும் ஒரு விலக்கு உண்டு. குடும்ப அல்லது சமூக வழக்கம் அனுமதித்தால் அவை செல்லும்.

இந்த விலக்கு நமக்கு முக்கியம். சட்டப் புத்தகத்தின்படி தாய்மாமனும் அக்கா மகளும் தடை செய்யப்பட்ட உறவு. அத்தை மகன், மாமன் மகள் உறவும் அப்படித்தான். தமிழ்நாட்டில் இவை செல்லுபடியாவது வழக்கம் என்ற விலக்கால்தான். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, ரத்த உறவில் திருமணம் செய்த பெண்களின் பங்கு இந்திய அளவில் 11 சதவீதம், தமிழ்நாட்டில் 28 சதவீதம். ஸ்பெஷல் மேரேஜ் ஆக்டில் இந்த விலக்கு குறுகலானது. மாநில அரசு அரசிதழில் அறிவித்த வழக்கமாக இருந்தால்தான் கணக்கில் வரும். முறைப்பெண்ணை அந்தச் சட்டத்தின் கீழ் மணக்க நினைப்பவர்கள், முதலில் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது.

18 வயது ஆகலைன்னா?

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்பது இன்றும் மாறவில்லை. பெண்ணின் வயதையும் 21 ஆக்கும் மசோதா 2021 டிசம்பரில் வந்தது. மக்களவையின் காலம் முடிந்ததும் அது காலாவதியானது.

குழந்தைத் திருமணம் குற்றம். ஆனால் பெரும்பாலான சமயங்களில் அது தானாகவே செல்லாமல் போவதில்லை. அதை ரத்து செய்யச் சொல்லி, அந்தக் குழந்தையாக இருந்தவர்தான் கேட்க வேண்டும். உரிய வயது வந்த பிறகு இரண்டு ஆண்டுகள் வரை கேட்கலாம். கடத்தியோ, ஏமாற்றியோ, விற்றோ நடத்திய குழந்தைத் திருமணம் மட்டும் முதலிலிருந்தே செல்லாது.

இது எங்கோ நடக்கும் கதை அல்ல. அதே ஆய்வில், 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18க்கு முன்பே திருமணமானவர்கள் இந்தியாவில் 23.3 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8 சதவீதம். எளிதாகச் சொன்னால், தமிழ்நாட்டில் எட்டில் ஒருவர்.

கல்யாணம் செல்லாதுன்னு ஆயிட்டா, அந்தப் பெண்ணுக்கு என்ன?

இங்கே சட்டம் மெதுவாகத்தான் நகர்ந்திருக்கிறது. முதல் மனைவி இருப்பதால் இரண்டாவது திருமணம் செல்லாது, எனவே அந்தப் பெண்ணுக்குப் பராமரிப்புத் தொகை இல்லை என்று 1988இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013இல் அது கொஞ்சம் தளர்ந்தது. முதல் திருமணத்தை மறைத்து ஏமாற்றிய ஆண், அதையே காரணமாகக் காட்டிப் பணம் தர மறுக்க முடியாது என்றது. 2025 பிப்ரவரியில் இன்னொரு படி முன்னேறியது. இந்து திருமணச் சட்டத்தின் கீழ் திருமணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டாலும், நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம் என்று மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கேட்டால் கட்டாயம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. வழக்கின் சூழலைப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும்.

திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கு, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உதவும். ஆனால் எல்லா லிவ்-இன் உறவுக்கும் அல்ல. கோவை குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் 2010இல் அளவுகோல்களை வகுத்தது. இருவரும் திருமண வயதை எட்டியிருக்க வேண்டும், திருமணம் செய்யச் சட்டத் தடை இருக்கக் கூடாது, ஊர் முன்னால் தம்பதியாகவே வாழ்ந்திருக்க வேண்டும், அதுவும் கணிசமான காலம். வார இறுதியில் ஒன்றாகத் தங்கியது கணக்கில் வராது.

தன்பாலினத்தவர் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆண்-பெண் உறவில் இருக்கும் திருநர்கள் இப்போதுள்ள சட்டங்களின் கீழேயே மணக்கலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது.

குழந்தைக்கு?

பெற்றோரின் உரிமைகளில் 'ஆனால்', 'சூழலைப் பொறுத்து' என்று நிறைய வந்தன அல்லவா? குழந்தை என்று வந்ததும் சட்டத்தின் குரல் மாறிவிடுகிறது.

இந்து திருமணச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, செல்லாத திருமணத்தில் பிறந்த குழந்தையும் சட்டபூர்வமான குழந்தையே என்கிறது. பெற்றோரின் சொத்தில் பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் அந்த அப்பாவுக்கு வந்திருக்க வேண்டிய பாகத்திலும் பங்கு உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மற்ற உறவினர்களின் சொத்தில் உரிமை கிடையாது.

மாதாமாதம் செலவுக்குப் பணம் கேட்பதற்கு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு. மதம் எதுவானாலும் இதைப் பயன்படுத்தலாம். திருமணத்துக்குள் பிறந்த குழந்தை, வெளியே பிறந்த குழந்தை என்ற வித்தியாசமே இதில் இல்லை. "நமக்குத்தான் கல்யாணமே ஆகலையே" என்பது இங்கே பதிலாகாது. அப்பா யார் என்பது மட்டும் நிரூபணமானால் போதும்.

நடைமுறையில் தெரிந்துகொள்ள வேண்டியவை:

- அவர் ஹைதராபாத்தில் வேலை பார்த்தாலும், நீங்கள் மதுரையில் வசித்தால் மதுரையிலேயே வழக்குப் போடலாம்.
- இடைக்காலத் தொகை கேட்கலாம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம்.
- தொகை எப்போதிலிருந்து? 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைப்படி, மனு போட்ட தேதியிலிருந்து. வழக்கை இழுத்தடித்தால் பாக்கிதான் ஏறும்.
- உத்தரவுக்குப் பிறகும் தரவில்லை என்றால், ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். ஆனால் பாக்கியை வசூலிக்க ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். இதைத் தவறவிடாதீர்கள்.

எவ்வளவு கிடைக்கும்? 'சம்பளத்தில் 25 சதவீதம்' உண்மையா?

வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றும் எண் இது. இந்தியாவில் அப்படி எந்தச் சூத்திரமும் சட்டத்தில் இல்லை. 2017இல் வந்த ஒரு தீர்ப்பில், கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்குத் தருவது நியாயமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. எண் அங்கிருந்து வந்ததுதான். அதே வழக்கில் கடைசியில் உத்தரவானது எவ்வளவு தெரியுமா? கணவரின் நிகரச் சம்பளம் 95,527 ரூபாய். அவர் மறுமணம் செய்திருந்ததைக் கருத்தில் கொண்டு, 23,000 என்று உயர் நீதிமன்றம் நிர்ணயித்ததை 20,000 ஆகக் குறைத்தார்கள். கணக்குப் போட்டால் அது 21 சதவீதம். 25 சதவீதத்தைச் சொன்ன வழக்கிலேயே 25 சதவீதம் கிடைக்கவில்லை.

குழந்தைச் செலவைப் பொறுத்தவரை, இருவருமே சம்பாதிக்கும் வீடுகளுக்குப் பொருத்தமானது 2000இல் வந்த ஒரு தீர்ப்பு. அப்பாவின் சம்பளம் அம்மாவுடையதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. எனவே குழந்தைகளின் செலவை 2:1 என்று பிரித்துக்கொள்ளச் சொன்னது உச்ச நீதிமன்றம். இன்றைய விலைவாசியில் ஓர் உதாரணம்: அப்பாவுக்கு மாதம் ஒரு லட்சம், அம்மாவுக்கு 50,000, குழந்தையின் ஃபீஸ், சாப்பாடு, மருத்துவம் எல்லாம் சேர்த்து 30,000 என்றால், அப்பா 20,000, அம்மா 10,000. இது கட்டாய விதி இல்லை, ஆனால் நியாயமாகப் பேசித் தீர்க்க நல்ல தொடக்கம்.

"அவளும்தான் சம்பாதிக்கிறாளே" என்று சொல்லி அப்பா முழுவதுமாக விலகிவிட முடியாது. அதே நேரம், இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆவது பிரிவு குழந்தையைப் பராமரிக்கும் கடமையை இருவர் மீதும்தான் வைக்கிறது. அம்மா அதிகம் சம்பாதித்தால் அவர் பங்கும் கூடும்.

வேலையை விட்டுவிட்டால் தப்பிக்கலாமா? உடல் ஆரோக்கியமுள்ளவர் கூலி வேலை செய்தாவது குடும்பத்தைக் காக்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2020 நெறிமுறைப்படி இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் தர வேண்டும். பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், ஐடி ரிட்டர்ன் எல்லாம் வெளியே வரும். சம்பளத்தைக் குறைத்துக் காட்டுவது முன்பு போல எளிதல்ல.

குழந்தை யாரிடம் வளரும்?

1956ஆம் ஆண்டின் இந்து சிறார் பாதுகாவலர் சட்டம், இயற்கைப் பாதுகாவலர் தந்தை, "அவருக்குப் பிறகு" தாய் என்றுதான் எழுதப்பட்டது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க முயன்றபோது இந்த வரி குறுக்கே நின்றது. அவர் தொடுத்த வழக்கில், 'பிறகு' என்றால் இறந்த பிறகு என்று மட்டும் பொருளல்ல, தந்தை பொறுப்பேற்காத நிலையிலும் தாயே பாதுகாவலர் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தாய்தான் முதல் பாதுகாவலர். தந்தைக்கு நோட்டீஸ் அனுப்பாமலேயே தாய் சட்டப் பாதுகாவலர் ஆகலாம் என்று 2015இல் தீர்ப்பு வந்தது.

ஐந்து வயது வரை குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கும். அதற்குப் பிறகு தானாகவே தந்தையிடம் போய்விடும் என்பது தவறான நம்பிக்கை. எல்லா வயதிலும் குழந்தையின் நலன்தான் அளவுகோல். விவரம் தெரிந்த குழந்தை என்றால், அதன் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். யார் அதிகம் சம்பாதிக்கிறார் என்பது மட்டுமே முடிவு செய்யாது.

குழந்தை ஒருவரிடம் இருந்தால், மற்றவருக்குச் சந்திக்கும் உரிமை உண்டு. வேறு ஊரில், வேறு நாட்டில் இருந்தால் வீடியோ காலில் பேச ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இருவரும் பொறுப்பைப் பகிரும் முறையைச் சட்டமாக்கச் சட்ட ஆணையம் 2015இல் பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. ஆனால் பேசி முடிவு செய்து, நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளத் தடையில்லை.

ஆரம்பத்தில் பார்த்த முடிச்சு மறுபடி இறுகுவது இந்த இடத்தில்தான். பணம் வரவில்லை என்று குழந்தையைக் காட்டாமல் இருப்பதும், காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் இரண்டுமே தவறு. பராமரிப்பும் சந்திப்பும் குழந்தைக்கு உரியவை. ஒன்று தடைபட்டால் அதற்கான மனுவைப் போட வேண்டுமே தவிர, இன்னொன்றைப் பணயம் வைக்கக் கூடாது.

வெளிநாட்டில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைகளை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோவது பற்றிய 1980ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. வெளிநாட்டு நீதிமன்ற உத்தரவு கையில் இருந்தாலும், இங்கே நீதிமன்றம் குழந்தையின் நலனைத் தனியாக ஆராய்ந்தே முடிவெடுக்கும்.

இப்போதே செய்து வைக்க வேண்டியவை

1. உங்கள் திருமணம் எந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது என்று சான்றிதழை எடுத்துப் பாருங்கள். மதம் வேறு, சட்டம் இந்து திருமணச் சட்டம் என்றால் உடனே ஆலோசனை கேளுங்கள்.
2. கல்யாணப் போட்டோ, வீடியோ, பத்திரிகை, மண்டப ரசீது, சாட்சிகளின் விவரம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருங்கள். சடங்கு நடந்ததற்கு அவைதான் ஆதாரம்.
3. பிரிவு வரும் நிலை என்றால், ஃபீஸ் ரசீது, மருந்து பில் என்று குழந்தையின் செலவை மாதவாரியாக எழுதுங்கள். தொகையைத் தீர்மானிக்கும்போது பேச்சைவிட இந்தக் கணக்கு வலுவானது.
4. வாய்மொழி ஒப்பந்தத்தில் நிறுத்திவிடாதீர்கள். பேசி முடித்ததை நீதிமன்ற உத்தரவாக மாற்றுங்கள். உத்தரவு இருந்தால்தான் பாக்கியை வசூலிக்க முடியும்.
5. வக்கீல் ஃபீஸ் கட்ட வழியில்லையா? சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987இன்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. உதவி எண் 15100. வன்முறை என்றால் 181, குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098.